லயத்து வாசல் பூக்கள் – 12: பனி கேட்கும் செருப்புப் பூ

பூணாகலைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கடிதம் போட்டிருக்கிறார். மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது யாருக்கும் மறந்திருக்காது. தப்பிய சனம் இரண்டு வருஷம் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஒண்டியிருந்தது. 2016இல்தான் 75 புது வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்தப் பக்கத்து வீடொன்றிலிருந்துதான் கடிதம். ஏழு பேர்ச்சஸ் காணி, முன்வாசலில் கொஞ்சம் இடம். கனடாவிலிருக்கும் அவருடைய அக்கா, தன் வீட்டு முற்றத்தில் பூத்த மஞ்சள் செருப்பு ஓர்க்கிட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பனிக்குள் புதைந்து கிடந்து வசந்தத்தில் முளைத்து வருமாம். “அடுத்தமுறை வரும்போது ஒரு கிழங்கைப் பைக்குள் வைத்துக் கொண்டு வாறேன் என்று அக்கா சொல்லுறா. எங்கள் வாசலில் வருமா, ஐயா?”

வராது. ஏன் வராது, அதற்குப் பதிலாக எது வரும் என்பதுதான் இந்த வாரக் கதை.

அக்கா வீட்டுப் பூ சிப்ரிபீடியம் என்ற இனம். வட அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, இமயமலை என்று குளிர் நாடுகளில் தரையில் வளர்வது. இதழொன்று பை போலக் குழிந்திருக்கும். தேன் இருக்குமென்று நம்பி வரும் தேனீ அதற்குள் விழும், தேன் கிடைக்காது. வந்த வழியே ஏறவும் முடியாது. பின்பக்கத்து இடுக்கால் நெருக்கியடித்து வெளியேறும்போது மகரந்தம் முதுகில் அப்பிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் மேற்செடி காய்ந்து போனாலும், அடுத்த வருஷத்து முளை கிழங்கில் முன்பே தயாராகிவிடும். ஆனால் ஏறத்தாழ மூன்று மாதம் 5 பாகை செல்சியசுக்குக் கீழே கிடந்தால்தான் அந்த முளை ஒழுங்காக எழும்பும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில இரவுகள் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதுண்டு. அன்று நண்பகலிலேயே வெயில் சுளீரென்று அடிக்கும். மண் மாதக்கணக்கில் குளிர்ந்து கிடப்பதில்லை. நுவரெலியாவே போதாதென்றால் பூணாகலையையும் பதுளையையும் பற்றிப் பேசவே தேவையில்லை. கிழங்கில் சேர்த்து வைத்த பலத்தில் முதல் வருஷம் ஓர் இலை எட்டிப் பார்க்கும், அடுத்த வருஷம் அதுவும் இராது. சூட்டு நாடுகளில் சில பித்தர்கள் கிழங்கை ஈரப் பாசியில் சுற்றி மூன்று மாதம் பிரிட்ஜுக்குள் வைக்கிறார்கள். கறிமிளகாய்க்கே இடமில்லாத பிரிட்ஜில் பூவுக்கு வாடகைக்கு இடம் கொடுக்க என்னால் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

பைக்குள் வைத்துக் கொண்டு வருவதும் ஆகாது. எல்லா ஓர்க்கிட்டும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் வருபவை. நாடு விட்டு நாடு போக அனுமதிப் பத்திரம் வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. மண் ஒட்டிய கிழங்கோடு கட்டுநாயக்கவில் இறங்கினால் அக்காவுக்குத்தான் அலைச்சல்.

மூன்றாவது காரணம் ஊவாவுக்கே உரியது. சிப்ரிபீடியத்தைப் பற்றி எழுதும் வெளிநாட்டுப் புத்தகம் எதுவும் அதைச் சொல்லாது. இந்தச் செடிக்குத் தரையில் பாத்தி போடுகிறவர்கள் ஓரடி ஆழத்துக்கு மண்ணை வெட்டியெடுத்துவிட்டு, சல்லியும் நுரைக்கல்லும் நிரப்பி, தண்ணீர் சட்டென்று கீழே இறங்கும்படி செய்வார்கள். சமதரையில் நல்ல வேலை. சரிவில், அதுவும் கொஸ்லாந்தைப் பக்கத்துச் சரிவில், வீட்டு மேட்டை வெட்டி மழைத்தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் குழி வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். மீரியபெத்த பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போக வேறிடம் இல்லாத சனம் அங்கேயே இருந்தது. ஒரு பூப்பாத்தி மலையைச் சரிக்காதுதான். ஆனாலும் மேட்டை வெட்டாமல், வடிகானை அடைக்காமல், தண்ணீரைத் தேங்கவிடாமல் இருக்கிற பழக்கம் பூக்கன்றிலிருந்தே தொடங்கட்டும். ஆகவே எந்தச் செருப்பு ஓர்க்கிட்டானாலும் ஊவாவில் அது சட்டியில்தான்.

சட்டிக்கு எது? பாஃபியோபெடிலம் என்ற ஆசிய இனம். அதிலும் இன்சிக்னி. மேகாலயாவின் காசி மலைக்காரி. தாவரவியலாளர் நதானியேல் வாலிச் சேகரித்து அனுப்ப, 1821இல் இன்னொரு தாவரவியலாளரான லிண்ட்லி பெயரிட்டார். மேலிதழ் பச்சை, நுனி வெள்ளை, நடுவில் தவிட்டு நிறப் புள்ளிகள். பக்கத்து இதழ்களும் பையும் மெழுகு பூசியதுபோல் மினுங்கும். ஒன்றரை மாதத்துக்கு மேலும் வாடாமல் நிற்கும். இதற்கு உறைபனி தேவையில்லை, இரவில் 10 முதல் 13 பாகை வரை குளிர்ந்தாலே மொட்டு வைக்கும். அப்புத்தளையில் அந்தக் குளிர் வருஷக் கடைசியில் சும்மா கிடைக்கிறது. பண்டாரவளையிலும் முயன்று பார்க்கலாம். பதுளை நகரம் 700 மீற்றருக்கும் கீழே இருக்கிறது, அங்கே இலை செழித்துப் பூ வராமல் ஏமாற்றும். கீழே இருப்பவர்கள் இலையைப் பார்த்து வாங்குங்கள்: ஒரே பச்சை இலையென்றால் பெரும்பாலும் குளிர் கேட்கும் வகை, இலையில் வரிவரியாகக் கோலம் இருந்தால் சூடு தாங்கும் வகை.

இனி சட்டி. மண் போடவே கூடாது. பத்தனாப் புல்வெளிகளை மூடி நட்ட பைனஸ் காடுகள் நம்மைச் சுற்றி எத்தனையோ. அந்த மரங்களை நான் விரும்பியதில்லை, ஆனால் உதிர்ந்து கிடக்கும் பட்டை இந்தச் செடிக்கு அருமையான படுக்கை. சுண்டுவிரல் நகத்தளவுக்கு உடைத்து, சில நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அதே அளவு கரித்துண்டு கொஞ்சம், சட்டியின் அடியில் ஓட்டுத்துண்டு. தேங்காய் மட்டைத் துண்டு சேர்ப்பதானால் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். இன்சிக்னிக்குச் சுண்ணாம்புச் சத்துப் பிடிக்கும். தேயிலை மலைக்குப் போடும் டொலமைற் ஒரு சிட்டிகை போதும். மலைக்குப் போடும் உரக் கலவையை மட்டும் இந்தச் சட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள், வேர் எரிந்துவிடும். இலைக்குத் தெளிக்கும் உரத்தைப் பொதியில் எழுதியிருப்பதில் கால்வாசிக்குக் கரைத்து மாதம் இருமுறை விட்டால் தாராளம்.

மற்ற ஓர்க்கிட்டுகள் பலவற்றுக்கு அடியில் தண்ணீர் சேர்த்து வைக்கும் தடித்த தண்டு இருக்கும், காயவிட்டாலும் சமாளிக்கும். இதற்கு அது இல்லை. சட்டியிலுள்ள பட்டை ஒருபோதும் முழுதாகக் காயக்கூடாது. ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை, ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றி உலகச் சந்தையில் விலை வாங்கித் தரும் அதே வரண்ட காற்று, இந்தச் செடியின் ஈரத்தை ஒரு பகலில் உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் சட்டியைக் காற்று மறைவில், ஈரச் சல்லி பரப்பிய தட்டின்மேல் வையுங்கள். சட்டியின் அடி தண்ணீரில் நிற்கக்கூடாது. ஒக்டோபரில் மழை பிடித்ததும் ஆபத்து மறுபக்கத்தால் வரும். தகரக் கூரையின் சொட்டு இலைக்குருத்துக்குள் விழுந்து இரவு முழுக்கத் தேங்கினால், குருத்து தவிட்டு நிறமாகி, தொட்டதும் கையோடு வந்துவிடும். கூரைக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி வையுங்கள். தண்ணீர் விடுவது காலையில். வெளிச்சம் சவுக்கு மரத்துக்குக் கீழே விழுமே, அந்த அளவு.

தெற்குத் தமிழ்நாட்டு எல்லையிலும் பாஃபியோபெடிலம் இனத்தில் ஒன்று உண்டு: பொதிகை என்ற அகத்தியமலைப் புற்சரிவுகளில், வெயிலிலும் காற்றிலும் நிற்கும் டிரூரி. மஞ்சள் இதழ்களின் நடுவே தவிட்டு நிறக் கோடு ஓடும். கேணல் டிரூரி 1865இல் கண்டெடுத்தார், 1874இல் தாவரவியலாளர் பெட்டோம் அதற்கு அவர் பெயரையே வைத்தார். பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து 1972இல் திரும்பவும் கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் சேகரிப்பவர்கள் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தொலைந்திருந்த ஒரு நூற்றாண்டு அதற்குச் செய்யாத கெடுதியைச் சில வருஷப் புகழ் செய்தது. இன்று காட்டிலிருந்து அழியும் விளிம்பில் நிற்கிறது. கேரளத்துப் பாலோடு தாவரவியல் பூங்காவினர் ஆய்வுகூடத்தில் கன்று பெருக்கிக் காட்டில் திரும்ப நட வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே சிப்ரிபீடியம் யோர்க்‌ஷயரில் ஒரேயொரு காட்டுச் செடியாகச் சுருங்கி, அதற்குக் காவல் போட்டார்கள்.

நம் ஊவாவின் பத்தனாக்களிலும் மஞ்சள் பூவொன்று புல்லுக்கிடையில் எழும்பும். செருப்பு வடிவமில்லை, ஆனால் தரை ஓர்க்கிட்தான்: இப்சியா ஸ்பெஸியோசா, இலங்கைக்கு வெளியே எங்கும் கிடையாது. வசியத்துக்கென்று அதன் கிழங்கைத் தோண்டுகிற வழக்கம் சிங்கள ஊர்களில் உண்டு. பூணாகலைத் தங்கச்சியும் மற்றவர்களும் அதைக் கண்டால் பார்த்துவிட்டு வாருங்கள். வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தால் பெரும்பாலும் செத்துப்போகும், வசியமும் கைகூடாது.

இன்சிக்னி வாங்க ஏப்ரலில் நுவரெலியா விக்டோரியா பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சி நல்ல இடம். பூவைப் பார்த்து மயங்காமல் செடியின் கழுத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேர் இல்லை, வேண்டாம். யாரிடமாவது பழைய கட்டு இருந்தால் இன்னும் நல்லது. பூ விழுந்த பிறகு கத்தி வைக்காமல் கையால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பங்கில் மூன்று குருத்தாவது இருக்கட்டும், ஒற்றைக் குருத்தாகப் பிரித்தால் பூவுக்கு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். சட்டி சின்னதாக, வேர் மட்டும் அடங்கும் அளவுக்கு. இரண்டு வருஷத்துக்கொருமுறை பட்டையை மாற்றுங்கள், உக்கிய பட்டையில் வேர் அழுகும்.