வேங்கி நாட்டுக்கு மருமகளாய்ப் போன சோழர் மகள்

காளஹஸ்தி கோயிலின் தென்புற வாயில் முதல் குலோத்துங்க சோழன் காலத்தது என்பர். 1516-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய பெரிய கோபுரம் 2010-ல் இடிந்து விழுந்தபோது ஊரெல்லாம் அதே பேச்சு. குலோத்துங்கனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சோழ அரியணையில் அமர்ந்த அம்மன்னன் தந்தை வழியில் ஆந்திர நாட்டு இளவரசன். அவனுக்குச் சோழ உரிமை தேடித் தந்தது, தாய் அம்மங்கைதேவியின் பிறந்த வீடு.

கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் நடுவே இருந்த வேங்கி நாட்டின் மேல் சோழருக்கும் ஒரு கண், மேலைச் சாளுக்கியருக்கும் ஒரு கண். நாடிழந்து வந்த வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கு முதலாம் ராஜராஜன் புகலிடம் தந்தான். தன் மகள் குந்தவையையும் மணமுடித்துக் கொடுத்தான். ('பொன்னியின் செல்வன்' குந்தவை அல்ல, அவளுடைய தம்பி மகள் இவள்.) இவர்களுடைய மகன் ராஜராஜ நரேந்திரன். நன்னயா மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது இவனுடைய சபையில்தான். ராஜேந்திர சோழன் தன் மகள் அம்மங்கையை இந்த அத்தை மகனுக்கே கொடுத்தான்.

உறவு முறை பொருத்தம்தான். ஆனால் புகுந்த வீட்டில் நிம்மதி ஏது? நரேந்திரனின் மாற்றாந்தாய் மகன் விஜயாதித்தன், மேலைச் சாளுக்கியர் துணையோடு 1031-ல் வேங்கியைப் பறித்துக்கொண்டான். மருமகனுக்காகச் சோழப்படை வடக்கே சென்றது. கலிதிண்டிப் போரில் சோழத் தளபதிகள் மூவர் மாண்டனர். அவர்கள் நினைவாக நரேந்திரன் சிவாலயங்கள் எடுத்தான். அம்மங்கையின் கணவன் அரியணையில் நிலைக்க, அவள் பிறந்த நாட்டு வீரர்கள் உயிர் கொடுக்க வேண்டியிருந்தது.

குழந்தையின் அங்க அடையாளங்களைப் பார்த்து, இவன் நம் குலத்துக்கே மகனாகத் தக்கவன் என்று பாட்டி மகிழ்ந்ததாக ஜெயங்கொண்டார் பாடுகிறார். அந்தப் பேரன் வளர்ந்து மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். மூன்று தலைமுறையாக ஒரே சம்பந்தம்! 1061-ல் நரேந்திரன் மறைந்தான். 1070-ல் அதிராஜேந்திரன் சில மாதங்களே ஆண்டு மறைய, அம்மங்கையின் மகன் குலோத்துங்கன் என்ற பெயரோடு சோழ மன்னனானான்.

இதில் இன்னொரு மருமகனும் ஏமாந்தான். வீரராஜேந்திரன் தன் மகளை மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்திருந்தான். மைத்துனன் அதிராஜேந்திரனைக் காக்க அவன் செய்த ஏற்பாடுகள் பலிக்கவில்லை.

குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைக் 'கலிங்கத்துப்பரணி' பாடுகிறது. அன்று தோற்றவன் அனந்தவர்மன் சோடகங்கன். அவனைப் பெற்ற ராஜசுந்தரியும் சோழர் வீட்டிலிருந்து மணமாகிப் போனவளே.