நெஞ்சைக் கெடுக்கும் புகை கண்ணையும் கெடுக்கும்

பசறை, லுணுகலை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் வயோதிபர் பலர் இரண்டு முறைப்பாடுகளைச் சேர்த்தே சொல்வார்கள். ஒன்று, விடியற்காலை இருமலும் சளியும், மேடு ஏறும்போது இழுப்பும். மற்றது, கண் மங்கல். "வயசு போனால் அப்படித்தான்" என்று இரண்டையும் விட்டுவிடுகிறோம். ஆனால் பல வேளைகளில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது புகை.

சுவாசப்பையில் நடப்பது

பல வருடங்கள் பீடி, சுருட்டு, சிகரட் புகைத்தவரின் சுவாசக் குழாய்கள் வீங்கி ஒடுங்குகின்றன. சிறிய காற்றுப் பைகள் சிதைகின்றன. இதனை நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்பர். சிதைந்த பைகள் மீண்டும் உருவாவதில்லை. நோய் முற்றும்போது இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது.

கண்ணில் நடப்பது

புகையின் நச்சுப் பொருட்கள் இரத்தத்தோடு கண்ணையும் சென்றடைகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது தெளிவு கெட்டு வெளுப்பதுபோல, கண்வில்லையும் மெல்ல மெல்லத் தெளிவை இழக்கிறது. இதுவே வெண்புரை. புகைப்பவருக்கு இது வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். சத்திரசிகிச்சையால் இதைச் சீராக்கலாம். ஆனால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தால், எதிரே நிற்பவரின் முகமே தெரியாமற் போகும். அவ்வாறு இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. புகைப்பவரை இந்நோய் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது.

பீடியைத் தொடாத பெண்களுக்கும் ஆபத்து உண்டு. லயத்துக் காம்பராவில் புகை போக வழியின்றி விறகடுப்பு எரியும்போது, அப்புகையும் சுவாசப்பையைக் கெடுக்கிறது. விறகில் சமைக்கும் பெண்களிடம் வெண்புரை கூடுதலாக இருப்பதை இந்தியாவிலும் நேபாளத்திலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருந்திலும் கவனம்

இழுப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையை நீண்ட காலம் எடுத்தால் வெண்புரை வரலாம். கண்ணின் உள்ளழுத்தமும் கூடலாம். ஆகவே, பழைய துண்டைக் காட்டி மருந்துக் கடையில் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அதேபோல, வைத்தியர் தந்ததைத் திடீரென நிறுத்தவும் கூடாது. உறிஞ்சும் மருந்தினால் கண்ணுக்கு வரும் ஆபத்து இதைவிடக் குறைவு. இழுப்புக்கு முகமூடி வைத்து ஆவியாக மருந்து பிடிக்கும்போது, அது கண்ணிற் படாதபடி முகமூடி நன்கு பொருந்தியிருக்க வேண்டும். அதன்பின் கண் சிவந்து கடுமையாக வலித்தால், விளக்கைச் சுற்றி வானவில் போல் வளையம் தெரிந்தால், வாந்தி வந்தால், அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடும்.

நாம் செய்யக்கூடியவை

* புகைத்தலை எந்த வயதிலும் நிறுத்தலாம். எழுபதில் நிறுத்தினாலும் சுவாசப்பை கெடும் வேகம் குறையும்.

* கண் கிளினிக்குக்குப் போகும்போது இழுப்பு மருந்துகளையும், நெஞ்சு கிளினிக்குக்குப் போகும்போது கண் மருந்துகளையும் கொண்டு சென்று காட்டுங்கள். கண் அழுத்தத்துக்கு விடும் சில சொட்டு மருந்துகள் இழுப்பைக் கூட்டும்.

* வெண்புரைச் சத்திரசிகிச்சையின்போது இருமாமல், மல்லாந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஆதலால் இழுப்பு உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்லி, முதலில் நெஞ்சைச் சீராக்கிக்கொள்வது நல்லது.

* அடுப்புக்குப் புகைபோக்கி வையுங்கள். முடியாவிட்டால், சமைக்கும்போது கதவையும் யன்னலையும் திறந்து, காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள்.

* பீடி வாங்கப் பேரப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது குற்றம்.

வீட்டில் இருமும் பெரியவர் இருந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, கலண்டரின் திகதியை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் எழுத்துத் தெரியவில்லை என்றாலும், அடுத்த கிளினிக் நாளிலேயே அவரை அழைத்துச் செல்லுங்கள்.