ஜாபிதா யார் கையில்?

ஸ்திரீகளையும் குழந்தைகளையும் கெடுத்துத் தண்டனை பெற்ற பாதகர்களின் பெயர், விலாசம், புகைப்படம் யாவற்றையும் ஊரறியப் பிரசுரிக்க வேண்டும் என்றும், எந்தத் தெருவில் எவன் வசிக்கிறான் என்பதை எவரும் தேடிப் பார்த்துக்கொள்ள வசதி செய்ய வேண்டும் என்றும் ஒரு கோரிக்கை நாளுக்கு நாள் வலுத்து வருகிறது. திருச்சி ஜில்லாவில் மணப்பாறையில் 2025 பிப்ரவரியில் ஒரு பள்ளிக் குழந்தை விஷயமாகப் புகார் எழுந்தபொழுது ஜனங்கள் எவ்வாறு கொதித்தெழுந்தனர் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வழக்கின் குணதோஷங்களை நாம் இங்கே பேச வரவில்லை. அது நியாயஸ்தலத்தின் வேலை. ஆனால் அன்று பெற்றோர் கொண்ட கோபம் நியாயமானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அக்கோபத்தில் நாமும் பங்கு கொள்கிறோம். அது எந்த வழியில் பாய்ந்தால் குழந்தைகளுக்கு ரக்ஷணை உண்டாகும் என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

முதலாவதாக, நமது தேசத்தில் இத்தகைய ஜாபிதா எதுவும் கிடையாது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 2018 செப்டம்பர் 20ந் தேதி இந்திய சர்க்காரின் உள்நாட்டு இலாகா, பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி வைத்தது. அதைப் பராமரிப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். தொடக்கத்திலேயே அதில் 4,40,000க்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. பெயர், விலாசம், புகைப்படம், கைரேகை முதலிய விவரங்கள் அதில் அடங்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் போலீசாருக்கும் புலன் விசாரணை செய்வோருக்கும் மட்டுமே உண்டு. பொது ஜனங்களுக்கு இல்லை. ஆகவே கேள்வி, ஜாபிதா வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. இருக்கிற ஜாபிதா யார் கையில் இருக்க வேண்டும் என்பதே.

அதை ஊரார் கையில் கொடுத்துப் பார்த்த தேசம் அமெரிக்கா. கலிபோர்னியா ராஜ்யம் 1947லேயே இத்தகைய குற்றவாளிகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. 1994ல் வெட்டர்லிங் சட்டம், ஒவ்வொரு ராஜ்யமும் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. 1996ல் வந்த மேகன் சட்டம், அதிலுள்ள விவரத்தை ஊராருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. இன்று அங்கே பதிவேட்டில் இருப்போர் 7 லட்சத்துக்கும் அதிகம். எவரும் வீட்டிலிருந்தபடியே தம் தெருவைத் தேடிப் பார்க்கலாம். பலன் என்ன? பிரெஸ்காட், ராக்காஃப் என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல ராஜ்யங்களின் கணக்குகளை ஒப்பிட்டு 2011ல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. போலீசார் அறியும்படி பதிவு செய்வதால் குற்றம் குறைவதற்கு அத்தாட்சி இருக்கிறது. ஆனால் ஊரறியப் பறைசாற்றுவது, பதிவு செய்யப்பட்டவன் மீண்டும் குற்றத்தில் இறங்குவதை அதிகமாக்கவும் கூடும் என்று அவர்கள் கண்டார்கள். வேலையும் வீடும் உறவும் இழந்தவனுக்குத் திருந்தி வாழ்வதில் என்ன லாபம் தோன்றும்? முதற்சட்டம் தமது மகனின் பெயரால் வருவதற்குப் போராடிய வெட்டர்லிங் அம்மையாரே, இப்பதிவேடுகள் வரம்பின்றி விரிந்துவிட்டன என்று பின்னர் கவலை தெரிவித்தார்.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2006 ஏப்ரலில் மெய்ன் ராஜ்யத்தில் ஒரு வாலிபன் அப்பொதுப் பதிவேட்டைப் பார்த்து விலாசம் தெரிந்துகொண்டு, ஒரே நாளில் இருவரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர், இளம் வயதில், 16 வயது நிறையாத தமது காதலியுடன் கூடியதற்காகத் தண்டனை பெற்றவர். பதிவேட்டின் பார்வையில் அவரும், குழந்தையைக் கடத்தும் கொடியவனும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்தனர். இங்கிலாந்தில் 2000ம் வருஷம் ஒரு பத்திரிகை இத்தகையோரின் பெயர்களையும் படங்களையும் வரிசையாக வெளியிட்டபொழுது போர்ட்ஸ்மத் நகரில் கலகம் மூண்டது. அதே காலத்தில் வேல்ஸில் ஒரு குழந்தை வைத்தியரின் வீட்டுச் சுவரில் வசைமொழி எழுதினார்கள். குழந்தை வைத்தியர் என்பதற்கும் குழந்தைகளைக் கெடுப்பவன் என்பதற்கும் ஆங்கிலத்தில் உள்ள சொல்லொற்றுமையே அதற்குக் காரணம்!

அந்நிய தேசத்துக் கதை நமக்கேன் என்று கேட்கலாம். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லாவில் போளூருக்கு அருகே, கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தினர் வழியில் நின்று குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிப்போர் வந்துவிட்டனர் என்று கைப்பேசியில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கும்பல் ஒன்று அவர்களைத் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். பெயரும் படமும் இல்லாத வெறும் வதந்திக்கே நம்மவர் கை அவ்வளவு நீண்டது. சர்க்கார் முத்திரையுடன் பெயரும் தெருவும் கிடைத்துவிட்டால், அப்பெயருள்ள வேறொருவன், அவ்வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்த ஏழை, குற்றவாளியின் மனைவி மக்கள் ஆகியோரின் கதி என்னவாகும்?

ஜாபிதா என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1871ல் வட இந்தியாவில் பிறந்து, 1911ல் சென்னை ராஜதானிக்கும் விரிந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை நம் ஜனங்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ஒரு ஜாதியில் பிறந்த குற்றத்துக்காக ஆண்மக்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் போலீசில் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ந் தேதி உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் கைரேகை கொடுக்க மறுத்த கள்ளர் மக்கள் மீது போலீசார் சுட்டதில் ஒரு ஸ்திரீ உட்படப் பலர் மாண்டனர். மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோஸப் அம்மக்களுக்காக வாதாடினார். ரோசாப்பூ துரை என்று அவரை இன்றும் அவர்கள் நினைவுகூருகின்றனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிய 1947ம், தேசமெங்கும் ஒழிய 1952ம் ஆயிற்று. ஒருவரைக் கேடி என்று நாம் ஏசுகிறோமே, அச்சொல்லே கே.டி. என்று போலீஸ் கணக்கில் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துக்களிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். போலீஸ் கணக்கு ஊர் வாயில் விழுந்தால் ஆயுள் முழுதும் நிற்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமோ?

அது பிறப்பைப் பற்றிய பழி, இதுவோ தீர்ப்பைப் பற்றிய பதிவு. இரண்டையும் ஒன்றாக்குவது நியாயமா என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறோம். குழந்தையைக் கெடுத்தவனுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. தண்டனை பெற்றவனைப் போலீசார் கண்காணிப்பது அவசியம் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் எந்த ஜாபிதாவும் தொடக்கத்தில் இருந்த அளவிலேயே நிற்பதில்லை என்பதே ரேகைச் சட்டம் புகட்டும் பாடம். இன்று தண்டனை பெற்றவன்; நாளை கைதானவன்; மறுநாள் சந்தேகிக்கப்பட்டவன். ஏழையும் ஆதரவற்றவனுமே அதில் முதலில் ஏறுவான். வக்கீல் வைக்க வசதியுள்ளவன் கடைசியில் ஏறுவான். 2024 மே மாதத்தில் டில்லி வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டும், போலீசாரின் சரித்திர ஏடு உள் உபயோகத்துக்குரியதேயன்றி ஊரறியப் பிரசுரிப்பதற்கல்ல என்பதை வற்புறுத்தி, பின்தங்கிய சமூகங்களைச் சேர்ந்த நிரபராதிகள் யந்திரம்போல் அதில் சேர்க்கப்படாமலிருக்க ராஜ்ய சர்க்கார்கள் கவனிக்க வேண்டும் என்று எச்சரித்தது.

இவை யாவும் ஒருபுறமிருக்க, நமது ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய முக்கிய விஷயம் வேறொன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருஷாந்தரக் கணக்குகளைப் புரட்டினால், பலாத்கார வழக்குகளில் 100க்கு 90க்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அப்பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவன் என்று காணலாம். உறவினன், அயல் வீட்டான், ஆசிரியன், எஜமானன் ஆகியோரே பெரும்பாலோர். இருளில் மறைந்திருக்கும் அந்நியன் சிறுபான்மை. இப்பொழுது ஸ்ரீரங்கத்தை மனத்தில் கொள்ளுங்கள். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் யார் வீட்டில் யார் என்பது அனைவருக்கும் தெரியும். அங்கே ஒருவன் பெயரைக் குற்றத்தோடு சேர்த்துப் பிரசுரித்தால், அடுத்த நாழிகையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் எழும் கேள்வி என்ன? 'எந்த வீட்டுப் பெண்?' என்பதே. குற்றவாளி மாமனாகவோ சித்தப்பனாகவோ இருந்தால் கேள்வி கேட்கவே வேண்டியதில்லை. பெயர் அவனுடையது, பழியைச் சுமப்பவள் அக்குழந்தை. அப்பொழுது எந்தத் தாய் போலீஸ் ஸ்டேஷன் படியேறத் துணிவாள்?

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவோருக்குப் பாரதீய நியாய சம்ஹிதையின் 72வது பிரிவு 2 வருஷம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 2012ம் வருஷத்துப் போக்ஸோ சட்டத்தின் 23வது பிரிவும் அவ்வாறே குழந்தையின் அடையாளத்தைக் காக்கிறது. அப்படியிருந்தும் 2024 டிசம்பரில் சென்னை அண்ணா சர்வகலாசாலை மாணவி ஒருவர் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை அவரது விவரங்களுடன் வெளியாகிவிட்டது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு கொடுக்கும்படி சென்னை ஹைக்கோர்ட் உத்தரவிட்டது. ஓர் அறிக்கையையே பூட்டி வைக்கத் தவறியவர்களிடம் ஊரறியும் பதிவேட்டையும் ஒப்படைப்பது விவேகமா?

அப்படியானால் பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். கையில் இருக்கும் சட்டத்தை முதலில் உபயோகிப்போம். 2020 மார்ச்சில் அமுலுக்கு வந்த போக்ஸோ விதிகளின்படி, குழந்தைகளோடு இடைவிடாது பழகும் ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் சிப்பந்திகள் அனைவரையும் பற்றிக் காலாகாலத்தில் போலீஸ் விசாரணையும் பூர்வோத்தரப் பரிசோதனையும் செய்விக்கக் கடமைப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடம், விடுதி, விளையாட்டுப் பயிற்சிக் கூடம் யாவும் இதில் அடங்கும். திருச்சியில் எத்தனை பள்ளிகள், எத்தனை டியூஷன் சாலைகள், எத்தனை பாடசாலைகள் இவ்விதியை நிறைவேற்றுகின்றன? பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் டிரைவரைப் பற்றி யார் விசாரித்தார்கள்? வார்டுக் கூட்டங்களில் தீர்மானங்கள் நிறைவேற்றும் நமது ஊழியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அமர்ந்து இக்கேள்வியைக் கேட்கட்டும். பதில் கிடைக்கும்வரை கேட்கட்டும்.

இரண்டாவதாக, இங்கிலாந்து கண்ட நடுவழி ஒன்றை நமது சட்டசபையார் ஆராயலாம். அங்கே 1997ம் வருஷத்துச் சட்டப்படி பதிவேடு உண்டு. அது ஊருக்குத் திறந்ததல்ல. ஆனால் 2008ல் பரீக்ஷார்த்தமாகத் தொடங்கி 2011ல் எங்கும் பரவிய ஓர் ஏற்பாட்டின்படி, தன் குழந்தையோடு பழகும் இன்ன மனிதனைப் பற்றி ஒரு தாய் போலீசாரிடம் கேட்கலாம். ஆபத்து உண்டென்று கண்டால் அவளுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்வார்கள். அதைப் பிறரிடம் பரப்பக் கூடாது என்று முதலிலேயே எச்சரிப்பார்கள். தெரிந்துகொள்ள வேண்டியவளுக்குத் தெரிகிறது. கும்பலுக்கு ஆயுதம் கிடைக்கவில்லை. இத்தகைய ஏற்பாடு இங்கே வருமானால், தீர்ப்புப் பெற்றவனே பதிவில் ஏற வேண்டும். அப்பீலில் விடுதலையானவனை உடனே நீக்க வேண்டும். கேட்டவர் யார், சொன்னவர் யார் என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும்.

மூன்றாவதே முக்கியமானது. 2022ம் வருஷக் கணக்கின்படி, நியாயஸ்தலங்கள் முடித்த பலாத்கார வழக்குகளில் தண்டனை பெற்றவை 100க்கு 30க்கும் குறைவு. ஜாபிதாவில் ஏறுபவர்கள் அச்சிறு பகுதியினரே. வழக்காகவே வராத குற்றம் எத்தனையோ! போக்ஸோ சட்டத்தின் 19வது பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைப்பவருக்கு 6 மாதம் வரை, ஸ்தாபனத் தலைவராயின் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும் என்றும், கூடியவரை ஒரு வருஷத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. 1098 என்ற எண்ணுக்குக் குழந்தையே டெலிபோனில் பேசலாம். இவ்வளவு இருந்தும் நாம் செய்வதென்ன? குடும்ப மானம் என்றும், மற்ற பெண்களின் கல்யாணம் என்றும் சொல்லி, நான்கு பெரியவர்கள் கூடிப் பேசி, குற்றவாளியைச் சில நாள் வெளியூருக்கு அனுப்பிவிட்டு, குழந்தையின் வாயை அடைத்துவிடுகிறோம்.

1930 ஏப்ரல் 13ந் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகிகள் புறப்பட்டார்கள். அவர்களுக்குச் சோறிடுவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் விளம்பரம் செய்தார். ஜனங்கள் அஞ்சாமல் சோறிட்டனர். அந்நிய அதிகாரிக்கு அஞ்சாத ஊர், ஒரு குழந்தையின் சொல்லைக் கேட்டு உறவினன் மீது புகார் எழுதிக் கொடுக்க அஞ்சலாமா?

பொதுப் பதிவேடு கோரும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பதிவேடு போலீசார் கையில் ஒழுங்காக இருக்கட்டும். பள்ளியும் பெற்றோரும் முறைப்படி கேட்டறியட்டும். ஆனால் அயலானின் பெயரைத் தேடுமுன் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றிக் குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். நாமே மூடி மறைத்த பெயர் எந்த சர்க்காரின் ஜாபிதாவில் ஏறப் போகிறது?