மண்ணைப் படிக்கும் கல்வி

பழைய ஏட்டுச்சுவடியைப் பரிசோதிப்பவர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. ஓரிடத்துப் பாடம் பிழையோ எனப் பின்னர் ஐயுற்றால், அவர் மீண்டும் அவ்வேட்டை விரித்துப் பார்க்கலாம். நிலத்தை அகழ்ந்து ஆராய்பவர்க்கோ அவ்வாறுதல் இல்லை. அவர் படிக்கும் நூலின் ஒவ்வோர் ஏடும் படிக்கும்போதே அழிந்துபோகின்றது. வெட்டிய மண்ணைக் குழியில் மீண்டும் இட்டு நிரப்பலாம்; அம்மண் கிடந்த அடுக்கை மீளப் படைத்தல் எவர்க்கும் இயலாது. ஆதலின், தொழிலைக் கற்ற பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுத்தல் வேண்டும்.

இதனை இந்தியாவில் வலியுறுத்தி நடைமுறைப்படுத்தியவர் சேர் மோட்டிமர் வீலர். 1944ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருளியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அவர், அவ்வாண்டிலேயே தக்கசீலத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தை அமைத்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள தக்கசீலம், முற்காலத்தே மாணாக்கர் நெடுந்தொலைவிலிருந்து நாடிச் சென்ற கல்விப் பதி. சேர் ஜோன் மார்ஷல் 1913 முதல் 1934 வரை அகழ்ந்த அத்தொல்பதியிலே இளைஞர் பலர் இக்கலையைப் பயின்றனர். பின்னாளில் இத்துறையிற் பெயர்பெற்ற பி. பி. லால் அவருள் ஒருவர்.

அவர்கள் பயின்ற முறை யாது? முதலில் நிலத்தை அளந்து சதுரங்களாக வகுத்தல் வேண்டும். இரு சதுரங்களுக்கு இடையே, வயல்வரம்பு போல, வெட்டாத மண்திட்டு ஒன்றை விட்டுவைப்பர். குழி ஆழமாக ஆக, அவ்வரம்பின் பக்கம் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். அதனைச் செங்குத்தாகச் சீவித் துப்புரவாக்கினால், மண்ணின் நிறமும் இறுக்கமும் வேறுபடும் இடங்கள் தோன்றும். கருமை படிந்தது சாம்பல். மிதிபட்டு இறுகியது வீட்டுத்தளம். ஒவ்வோர் அடுக்கிற்கும் எண் இட்டு, அளவு பிசகாமல் படம் வரைந்துகொள்வர். பிக்காசு செய்யும் வேலை சிறிது. சாந்தகப்பையும் தூரிகையும் செய்யும் வேலையே பெரிது. கிடைத்த பொருள் ஒவ்வொன்றுக்கும் சதுரம், அடுக்கு, ஆழம் மூன்றையும் குறித்துச் சீட்டுக் கட்டுவர். சீட்டில்லாத ஓடு வெறும் ஓடே.

ஆழத்தில் உள்ளது பழையது என்பது பொதுவிதி. இலக்கண விதிகட்குப் போலவே இதற்கும் புறனடை உண்டு. பிற்காலத்தார் கிணறோ குப்பைக்குழியோ வெட்டியிருப்பின், நேற்றைய கலம் பத்தடி கீழே கிடக்கும். அக்குழியின் விளிம்பை வரம்பின் பக்கத்திலே கண்டறிந்தவனுக்கே உண்மை புலனாகும். அங்ஙனமே, ஓர் அடுக்கினுள் ஒரு நாணயம் கிடைத்தால், அவ்வடுக்கு அந்நாணயம் அச்சிடப்பட்ட காலத்துக்கு முற்பட்டதாகாது என்று மட்டுமே துணியலாம். எத்துணைப் பிற்பட்டது என்பதை நாணயம் சொல்லாது.

இம்முறையின் பயன் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டிலே விளங்கிற்று. 1945இல் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு அரிற்றைன் மட்கலத் துண்டுகள் கிடைத்தன. அவை செய்யப்பட்ட காலம் முன்னரே அறியப்பட்டதாகலின், அவற்றோடு தொடர்புற்ற உள்நாட்டுக் கலங்களின் காலமும் துணியப்பட்டது. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி முதலியோர் அங்கே மீண்டும் அகழ்ந்து, அவ்வூரின் தொடக்கம் வீலர் கருதியதற்கும் முந்தியது என்று காட்டினர். முன்னவர் அடுக்குகளைக் குறித்துவைத்தமையாலேயே, அவர் முடிபைப் பின்னவர் சோதித்துத் திருத்த இயன்றது. தம் முடிபு மாறினும் தம் குறிப்பு நிற்குமாறு எழுதிவைப்பவரே நல்ல அகழ்வாளர்.

நமக்கும் இதில் பங்குண்டு. கந்தரோடையின் பழமையைப் போல் ஈ. பீரிஸ் 1917இலும் 1919இலும் எழுதிய கட்டுரைகள் உலகறியச் செய்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தனர். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, பழம் புதைகுழி ஒன்றிலே பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை வெளிப்பட்டது. அதன் வாசகத்தைப் பற்றி அறிஞர் வாதிக்கலாம்; அது கிடந்த இடத்தைப் பற்றி வாதமில்லை. அதே முத்திரை ஒரு பழம்பொருட் கடையிலே கிடைத்திருப்பின், அது ஒரு விந்தைப்பொருளாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

நம் முன்னோர் பெருமைக்குச் சான்று தேடும் ஆர்வம் தவறன்று. ஆயினும், வேண்டிய விடையை முன்னரே எண்ணிக்கொண்டு தோண்டுபவன் சான்றினை அழிப்பான். அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்தல் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றமுமாகும். தோட்டத்தில் வாழைக்குழி வெட்டும்போது பழைய ஓடோ எலும்போ தென்பட்டால், மாணவர் அதனைப் பறித்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோதல் ஆகாது. வெட்டுவதை நிறுத்தி, இடத்தைக் குறித்துவைத்து, தொல்பொருட் திணைக்களத்தார்க்கோ பல்கலைக்கழகத்தார்க்கோ அறிவித்தல் வேண்டும். இத்துணையும் ஆசிரியர் வகுப்பிலே கற்பிக்கத்தக்கது. அதற்குப் பெரும்பொருள் எதுவும் வேண்டியதில்லை. தோண்டும் வித்தையைச் சிலரே பயில்வர். தோண்டாது காக்கும் வித்தையை எல்லோரும் பயிலலாம்.