குட்டி யானைக்கும் எட்டாத விலை: வரி குறைந்தும் தீராத சுமை

புது தில்லி: நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தலைமையில் 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி தலைநகரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், சரக்கு வாகனங்களுக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. அம்மாதம் 22-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 2017-லேயே செய்திருக்க வேண்டிய காரியம் இது.

அந்த எட்டாண்டுச் சுமை யார் தலையில் விழுந்தது என்பதற்குக் கோலார் தங்கவயலின் ஊரிகம் போன்ற ஊர்கள் சாட்சி. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது ஊரிகம், மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளின் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நிலைகுலைந்தன. அன்று முதல் அதிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் ஏராளம். சொந்த மாவட்டத்திலேயே பிழைக்க எண்ணுவோருக்கு, கோலார் மண்டிக்குத் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் சிறு வாகனம் ஒரு வழி. புல்டோசர் தயாரிக்கும் பி.இ.எம்.எல். ஆலை தங்கவயலிலேயே இருக்கிறது. எனினும் சொந்தத் தொழில் தேடும் இளைஞரின் கனவு 'குட்டி யானை' அளவில்தான்.

மக்கள் அப்பெயரிட்டு அழைக்கும் டாடா ஏஸ், 2005-இல் சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய் விலையில் அறிமுகமானது. ஓட்டுநரே உரிமையாளராகலாம் என்பதே அதன் ஈர்ப்பு. பின்னர் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. 2020 மார்ச் 31-க்குப் பின் பி.எஸ்.-4 வாகனங்களை விற்கக் கூடாது என 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பி.எஸ்.-6 டீசல் என்ஜினுக்குப் புகை வடிகட்டியும் மின்னணு உணரிகளும் தேவைப்பட்டதால் விலை எகிறியது. தில்லியின் காற்றைச் சுவாசிப்பவர் எவரும் அவ்விதிகளைக் குறை கூற மாட்டார்; ஏறிய விலையின் மீதும் 28 சதவீதம் வசூலித்ததே கேள்விக்குரியது.

மஹிந்திராவின் பொலீரோ மேக்ஸ் பிக்கப் 2023 ஏப்ரலில் ரூ.7.85 லட்சத்தில் தொடங்கியது. அதில் வரி மட்டும் சுமார் ரூ.1.71 லட்சம். பெரிய போக்குவரத்து நிறுவனம் ஜி.எஸ்.டி. செலுத்தினால், வாகனம் வாங்கியபோது கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியும். ஒற்றை வண்டி ஓட்டுபவரின் வாடகைக்கோ ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, ஆகவே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. சலுகை போல் தோன்றும் அவ்விலக்கே அவருக்குச் சுமையாகிறது.

பேருந்து, கனரக லாரி உட்பட வணிக வாகன விற்பனை 2018-19-இல் 10.07 லட்சம். கொரோனா வீழ்ச்சியிலிருந்து மீண்ட பின்னரும் 2024-25-இல் அது சுமார் 9.57 லட்சமே. முந்தைய ஆண்டைவிடக் குறைந்ததில் பெரும்பங்கு இலகு ரக வாகனங்களுடையது.

சரிவைக் கண்ட டாடா நிறுவனம், 2025 ஜூனில் ஏஸ் புரோ வண்டியை ரூ.3.99 லட்சத்தில் இறக்கியது. வரிக் குறைப்புக்குப் பின் பண்டிகைக் கால விற்பனையும் உயர்ந்தது. ரூ.7.85 லட்சம் வண்டியில் இக்குறைப்பின் பயன் சுமார் ரூ.61 ஆயிரம். எஞ்சிய 18 சதவீதத்தை ஊரிகத்து ஓட்டுநர் இன்னமும் தம் கடன் தவணையிலேயே வட்டியுடன் கட்ட வேண்டியுள்ளது.