கணிதத்தில் தயங்கும் மாணவரும் கணிப்பொறித் தொழிலும்

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் களியக்காவிளையை ஒட்டிப் பாறசாலையும், அதற்கு வடமேற்கே நெய்யாற்றின்கரையும் அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் பேச்சுமொழி அவ்வெல்லையில் நின்றுவிடவில்லை. இல்லத்தில் தமிழும், கடைத்தெருவில் மலையாளமும், மேல்வகுப்பில் ஆங்கிலமும் கேட்டு வளரும் சிறுவர் இவ்வூர்களில் உண்டு.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 1990-இல் டெக்னோபார்க் நிறுவப்பெற்றது. அங்குள்ள தொழிலில் சேரவேண்டும் என்னும் விருப்பம் எல்லைக் கிராம மாணவர்க்கும் இயல்பே. ஆனால், “கணக்கு வரவில்லை, ஆகவே கணிப்பொறியும் வராது” என்னும் முடிவு பத்தாம் வகுப்பிலேயே செய்யப்பட்டு, ஆசை கைவிடப்படுவதும் உண்டு. இம்முடிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தல் நலம்.

கணிதக் குறையா, சொற்குறையா?

தமிழில் ‘சதுரம்’ என்பது நான்கு பக்கங்களும் சமமான உருவம். மலையாளத்திலோ ‘சதுரம்’ என்றால் செவ்வகம். தமிழ்ச் சதுரத்திற்கு அங்கே ‘சமசதுரம்’ என்று பெயர். மலையாளத்தில் கேட்கப்படும் வினாவொன்றில் ‘சதுரத்தின்’ நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ. எனத் தரப்பட்டால், தமிழில் பயின்ற சிறுவன் திகைப்பான். 8-ஐ 8-ஆல் பெருக்கி 64 என எழுதினும் வியப்பில்லை. சரியான விடை 40. இங்கே பிழை பெருக்கலில் இல்லை; சொல்லில் உள்ளது. முக்கோணம் மலையாளத்தில் ‘திரிகோணம்’. பிளஸ் ஒன் வகுப்பில் அதுவே ‘டிரையாங்கிள்’ ஆகின்றது. ஒரே கருத்துக்கு மூன்று பெயர்களை ஏற்கவேண்டிய மாணவனின் தயக்கம் முழுவதையும் அறிவுக்குறை எனக் கொள்ளுதல் தவறு.

இதனைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. ஒரே கணக்கை முதலில் சொற்களாலும், பின்னர் எண்களாலும் படத்தாலும் மட்டும் கொடுக்கவேண்டும். முன்னதில் தவறிப் பின்னதில் தேறுவோர்க்கு வேண்டியது சொற்பயிற்சி. இரண்டிலும் தவறுவோரிடம் பின்னம், விழுக்காடு, மீதி வருமாறு வகுத்தல் போன்ற கீழ்வகுப்புப் பாடங்களில் இடைவெளி இருக்கலாம். அதை அந்த இடத்திலிருந்தே நிரப்பவேண்டும்.

நிரல் எழுதுதற்கு வேண்டிய கணிதம்

ஓர் ஆண்டு லீப் ஆண்டா என்று காணும் நிரலை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் எண் 4-ஆல் மீதியின்றி வகுபட்டால் அது லீப் ஆண்டு; ஆனால் 100-ஆல் வகுபட்டால் அன்று; 400-ஆல் வகுபட்டால் மீண்டும் லீப் ஆண்டே. ஆதலின் 1900 லீப் ஆண்டு அன்று. 2000 லீப் ஆண்டு. இங்கே வேண்டிய கணிதம் வகுத்தல் ஒன்றே. ஆயினும் நிபந்தனைகளை வரிசை பிறழாமல் அமைக்காவிடின் கணிப்பொறி 1900-ஐயும் லீப் ஆண்டு என்றே கூறிவிடும்.

மற்றோர் எடுத்துக்காட்டு: அகரவரிசையில் உள்ள 1,000 பெயர்களில் ஒன்றைத் தேடுதல். நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, எஞ்சிய பாதியில் மீண்டும் நடுவைப் பார்த்துக்கொண்டே சென்றால் பத்து முறைக்குள் விடை கிட்டும்; ஏனெனில் இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. மடக்கை என்னும் பாடத்தின் உட்பொருள் இதுவே. ஏட்டில் அச்சுறுத்திய கருத்து, பெயர்ப்பட்டியலில் எளிதாகப் புரிகின்றது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பைதான் நிரல்மொழியை 36 பேர் கற்ற வேகம் அளக்கப்பட்டது. அவர்களிடையே காணப்பட்ட வேறுபாட்டில் மொழி கற்கும் திறன் ஏறக்குறைய 17 விழுக்காட்டையும், எண் திறன் 2 விழுக்காட்டையுமே விளக்கின; பொது ஆராய்ச்சித் திறனும் நினைவாற்றலும் அவற்றினும் மிகுதியான பங்கு பெற்றன. இது சிறிய ஆய்வு. தொடக்கப் பயிற்சியை மட்டும் பற்றியது. எனினும், கணித மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது போதாது என்பதை இது காட்டுகின்றது.

இதனால் கணிதமே வேண்டா என்று கொள்ளுதல் கூடாது. இணையதளம் அமைத்தல், தரவுத்தளப் பராமரிப்பு, மென்பொருள் சோதனை, வலையமைப்புப் பணி ஆகியவற்றிற்குத் தருக்கமும் எண்கணிதமும் பெரும்பாலும் போதும். படவரைவியலுக்கு முக்கோணவியலும் அணிகளும் தேவை. எந்திரக் கற்றலுக்கு நிகழ்தகவும் நுண்கணிதமும் இன்றியமையாதவை.

வாயில்கள்

கேரளத்தில் பொறியியற் பட்டப்படிப்பிற்குப் பிளஸ் டூவில் கணிதம் பயின்றிருத்தல் வேண்டும். பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டவர்க்கு அவ்வாயில் அடைபடும் என்பதைப் பெற்றோர்க்கு முன்னரே தெரிவித்தல் கடமை. ஏனைய வாயில்கள் திறந்தே உள்ளன. வணிகவியற் பிரிவிலும் கணிப்பொறிப் பயன்பாடு ஒரு பாடமாகக் கிடைக்கின்றது. பத்தாம் வகுப்பில் தேறியவர் தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘கோப்பா’ எனப்படும் ஓராண்டுப் பயிற்சி பெறலாம். பி.சி.ஏ. சேர்க்கை விதி பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் வேறுபடுவதால் அவ்வாண்டின் விவரக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

வகுப்புச் சுவரில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று நிரைகளில் கணிதச் சொற்பட்டியல் ஒன்றைத் தொங்கவிடலாம். ‘சதுரம்’ அதில் முதலிடம் பெறட்டும். கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ நிறுவனம் 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் கணித மதிப்பெண் குறைந்தோரும் சேர முயலுமாறு ஊக்குவிக்கலாம். லீப் ஆண்டு நிரலைத் தானே எழுதி, பிழை கண்டு, தானே திருத்திய மாணவன் வகுத்தலின் மீதியை மறக்கமாட்டான். கணிதம் தெரிந்த பின்னரே கணிப்பொறி என்று காத்திராமல், கணிப்பொறியின் வாயிலாகவே கணிதத்தை அவனிடம் கொண்டு சேர்க்கலாம்.