பாதம் தரையைத் தொடும் நேரம்

2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசைன் போல்ட் நூறு மீட்டரை 9.58 வினாடியில் ஓடி முடித்தார். பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அதை யாரும் நெருங்கவில்லை. அவருக்கு அடுத்து டைசன் கேயும் யோஹான் பிளேக்கும் 9.69 வினாடியோடு நிற்கிறார்கள். அந்த வேகத்தில் 0.11 வினாடி என்பது ஒரு மீட்டருக்கும் அதிகமான இடைவெளி.

அப்படியானால் மனித உடல் தன் எல்லையைத் தொட்டுவிட்டதா? அந்த ஓட்டத்தையே பிரித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. துப்பாக்கி ஒலித்த பிறகு போல்ட் கிளம்ப 0.146 வினாடி ஆனது. முதுகுப் பக்கமிருந்து வீசிய காற்று வினாடிக்கு 0.9 மீட்டர்தான், 2.0 வரை இருந்தாலும் சாதனை செல்லும். 60-லிருந்து 80 மீட்டர் வரையிலான தூரத்தை 1.61 வினாடியில் கடந்தார். மணிக்கு 44.7 கிலோமீட்டர் வேகம்! கடைசி 20 மீட்டருக்கோ 1.66 வினாடி. கடைசிக் கட்டத்தில் எல்லோருக்குமே வேகம் இறங்கும்; யாருக்குக் குறைவாக இறங்குகிறதோ, அவர் பாய்ந்து முன்னேறுவதுபோல் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

வேகமாக ஓடுபவர்கள் காலை வேகமாக வீசுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வேயாண்டும் அவரது குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. உச்ச வேகத்தில் ஓடும்போது, காலை முன்னே கொண்டுவர எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. தரையை எவ்வளவு பலமாக உதைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். முன்னணி வீரரின் பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய 0.1 வினாடிதான், தசை தன் முழு பலத்தை எட்ட அது போதாது. பின்னர் நடந்த ஓர் ஆய்வில் ஒற்றைக் காலில் தாவி ஓடவிட்டுப் பார்த்தபோது, தரையில் விழுந்த விசை சாதாரண ஓட்டத்தைவிட 30 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. காலில் பலம் மிச்சம் இருக்கிறது. அதைச் செலுத்தத்தான் நேரம் இல்லை.

போல்ட்டின் உயரம் 1.95 மீட்டர். அவ்வளவு உயரம் குறுந்தூர ஓட்டத்துக்கு இடைஞ்சல் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பயிற்சியாளர் கிளென் மில்ஸ்கூட அவரை 400 மீட்டர் பக்கம் திருப்பத்தான் விரும்பினார். நூறு மீட்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் போல்ட். பெர்லினில் 41 எட்டுகளில் அவர் தூரத்தை முடித்துவிட்டார்.

எல்லை எங்கே என்று அறிவியல் தேடிக்கொண்டிருக்க, விதிப்புத்தகம் ஒரு கோட்டைப் போட்டுவிட்டது. ஒலி கேட்டு 0.100 வினாடிக்குள் எந்த மனிதராலும் கிளம்ப முடியாது, கிளம்பினால் அது தவறான தொடக்கம் என்கிறது அது. 2022 ஜூலையில் யூஜினில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிச்சுற்றில் டெவன் ஆலன் 0.099 வினாடியில் கிளம்பினார். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்காக வெளியேற்றப்பட்டார். அவர் படித்த பல்கலைக்கழகத்தின் மைதானம் அது. ஒரு மாதத்துக்கு முன்புதான் நியூயார்க்கில் 12.84 வினாடியில் ஓடி, அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் மூன்றாவது அதிவேக வீரராகியிருந்தார். இவ்வளவு நுணுக்கமான கோட்டை வரைய நம்மிடம் இருக்கும் அறிவு போதுமா என்பதைத் தடகள அமைப்புகள் திறந்த மனதோடு ஆராய வேண்டும்.